கார்ஸ்வெல் துரையும் ஒரு குப்பித் தேனும்

நாச்சிமுத்துவுக்குப் பசித்தால் முதலில் முழங்கால்தான் நடுங்கும். வாழைத்தார் சுமந்து பிழைத்த காலத்தில் பிடித்தது அது; ஜீப் ஓட்ட வந்த பிறகும் விடவில்லை. அன்று காலை பண்ணைக்காட்டில் சேனாதிபதி வீட்டு வாசலில் ஜீப்பை நிறுத்தி இறங்கியபோது இரண்டு காலும் தனித்தனியாக ஆடின. முந்தின நாள் வத்தலக்குண்டில் மிளகு மூட்டை இறக்கப் போனவன் வழியில் இரண்டு பன்னைத் தின்றதோடு சரி. மார்கழிக் குளிர் வேறு எலும்புக்குள் இறங்கியிருந்தது.

வீட்டில் அடுப்பு எரிந்தது. மேலே வெந்நீர்ப் பானைதான் இருந்தது. சேனாதிபதியின் மனைவி சோலையம்மாள் பழனியில் மகள் வீட்டுக்குப் போயிருந்தாள். சட்டியில் முந்தின நாள் கேப்பைக்களி ஓர் உருண்டை கிடந்தது. தொட்டுக்கொள்ள ஒன்றும் இல்லை.

சேனாதிபதி போலீசில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். ஆடு காணாமல் போனாலும், காய்ந்துகொண்டிருந்த மிளகை எவனாவது வாரிக்கொண்டு போனாலும், ஸ்டேஷன் படி ஏறப் பயந்தவர்கள் அவரிடம் வந்தார்கள். அவர் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. சவாரி இல்லாத நாளில் நாச்சிமுத்து ஜீப்போடு வந்து அவர் பக்கத்தில் நின்றுகொள்வான். துப்பு ஒன்றைக் கண்டால் போதும், கையோடு ஒரு திருடனையும் பிடித்துவிடுவான். பெரும்பாலும் தப்பான ஆளை.

முற்றத்தில் ஒரு பெண் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். பெத்தம்மாள் என்று பெயர். மேலே காட்டோரத்தில் இருக்கும் பளியர் குடிசைகளிலிருந்து இருட்டோடு நடந்து வந்திருக்கிறாள். அவள் புருஷன் இருளன் கார்ஸ்வெல் பங்களாவுக்குக் காவல்காரன். செத்துப்போன வெள்ளைக்காரத் துரையின் பழைய காகிதங்கள் ஓர் இரும்புப் பெட்டியில் இருந்தனவாம். அதை இருளன் திருடிவிட்டான் என்று பங்களா முதலாளி சுவாமிநாதன் புகார் கொடுத்துவிட்டார். ஸ்டேஷனில் வைத்துக் கேட்ட கேள்வியில் இருளனும் ஒத்துக்கொண்டுவிட்டான். கார்த்திகைத் தீபத்தன்று ராத்திரி ஜன்னல் வழியாக இறங்கி, பெட்டியில் இருந்ததை அள்ளிப் பள்ளத்தில் கொட்டிவிட்டானாம்.

"அடிச்சா ஒத்துக்கத்தான் செய்வாக, சாமி. காலு ரெண்டும் வீங்கிக் கெடக்கு. திங்கக்கிழமை கீழ கோர்ட்டுக்குக் கொண்டுபோறாகளாம். கீழ போனா திரும்பி வர மாட்டாக."

அவள் முந்தானைக்குள்ளிருந்து ஒரு குப்பியை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். டூரிஸ்டுகள் எறிந்துவிட்டுப் போகும் பிராந்திக் குப்பி. உள்ளே தேன். குப்பியின் வாயைத் தேன்மெழுகால் கெட்டியாக மூடியிருந்தது. மெழுகின் மேலே ஒரு சின்ன ஊதாப்பூவை விரித்து அழுத்திப் பதித்திருந்தார்கள்.

"எங்கிட்ட இதுதான் இருக்கு. எங்க ஆள வீட்டுல கொண்டாந்து விட்டுருங்க."

சேனாதிபதி வேண்டாம் என்று சொல்லவில்லை. சொன்னால், வழக்கையே வேண்டாம் என்கிறார் என்று அவள் நினைப்பாள். "வாங்கிக்கிட்டேன்மா. இனி இது என் சோலி" என்று சொல்லிக் குப்பியை ஜன்னல் திட்டில் வைத்தார். பிறகு அவளிடம் மெதுவாக ஒவ்வொன்றாக விசாரிக்க ஆரம்பித்தார்.

நாச்சிமுத்துவின் முழங்கால் நிற்கவில்லை. ஏட்டு வாங்கிக்கொண்ட தேன், நம் தேன்தானே என்று நினைத்துக்கொண்டான். பேனாக்கத்தியால் மெழுகை நெம்பினான். அது பூவோடு சேர்ந்து ஒரு வட்டமாகக் கழன்று வந்தது. அதை அடுப்பில் போட்டான், சடசடவென்று எரிந்தது. மெழுகுக்குக் கீழே ஒரு காகிதச் சுருணையை அடைப்பாக வைத்திருந்தது. களியைத் தேனில் தோய்த்துத் தின்றான். அப்படி ஒரு தேனை அவன் தின்றதே இல்லை. கால் நின்றது. விரலைத் துடைக்கக் காகிதத்தைப் பிரித்தான். வழவழப்பான கனத்த தாள். அதில் கறுப்பு மையில் இங்கிலீஷ் எழுத்தும் எண்ணும் இரண்டு வரிசையாக, பஸ் டைம்டேபிள் மாதிரி இறங்கின. துடைத்துவிட்டு, சுருட்டி மறுபடி குப்பி வாயில் அடைத்தான்.

*

கார்ஸ்வெல் பங்களா பெருமாள்மலையைத் தாண்டி, பேரித் தோட்டத்துக்கு நடுவில் இருந்தது. சுவாமிநாதன் எட்டு வருஷத்துக்கு முன்னால் அதைத் தட்டுமுட்டோடு வாங்கியவர். ஏட்டு வந்திருக்கிறார் என்றதும் முகம் சுளித்தாலும் உள்ளே விட்டார். அவருக்கும் காகிதம் வேண்டியிருந்தது. அதைவிட, மதுரையிலிருந்து வந்திருந்த ஞானவேலுக்கு அவர் பதில் சொல்லவேண்டியிருந்தது.

ஞானவேல் ஒரு பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார். ஒல்லியான ஆள், சதுரங்கப் பைத்தியம். சீமையில் ஒரு சதுரங்கச் சங்கத்தோடு கடிதப் போக்குவரத்து வைத்திருந்தார். கார்ஸ்வெல் என்பவர் விக்டோரியா ராணி காலத்தில் லண்டனில் பெரிய பெரிய ஆட்டக்காரர்களை உட்கார்த்தி வைத்து ஜெயித்தவராம். நெஞ்சுச் சளி முற்றி, டாக்டர் சொல்லி இந்த மலைக்கு வந்துவிட்டார். இங்கேயே இருபது வருஷம். வந்து போன பாதிரி, கலெக்டர், என்ஜினியர் எல்லோருடனும் ஆடினார், தபாலில் ஆடினார், ஆள் கிடைக்காவிட்டால் தனக்குத்தானே ஆடினார். ஆட்டத்துக்கு ஒரு தாள் என்று எழுதி வைத்துவிட்டு, இங்கேயே செத்துப்போனார். லண்டன் ஆட்டங்கள் கொஞ்சம் அச்சில் இருக்கின்றன. மலை ஆட்டங்கள் ஒன்றைக்கூட யாரும் கண்டதில்லை.

"அவரு ஆடினதிலேயே நல்ல ஆட்டமெல்லாம் இங்கதான் ஆடினாருன்னு அவரோட சிநேகிதர் ஒருத்தர் எழுதியிருக்காருங்க. ஒரு மனுசன் இருபது வருசம் யோசிச்ச யோசனைங்க அது. பெட்டி இருக்குன்னு சுவாமிநாதன் சார் எழுதினாரு. லீவு கெடச்சதும் ஓடி வந்தேன். வந்து தெறந்தா, காலி" என்றார் ஞானவேல். அவர் கை நடுங்கியது.

ஒருத்தன் யோசித்ததற்கு இன்னொருத்தன் கால் வீங்க வேண்டுமா என்று நாச்சிமுத்து நினைத்தான். அப்புறம், இந்த வாத்தியாரே ராத்திரியில் வந்து அள்ளிக்கொண்டு போயிருந்தால் என்ன என்றும் நினைத்தான். ஏட்டின் காதில் அதை ஓதினான்.

"ஏலே, அள்ளிட்டுப் போனவன் எதுக்குலே திரும்பி வந்து கை நடுங்க நிக்கணும்" என்றார் சேனாதிபதி, உதடு அசையாமல்.

பெட்டி இருந்த அறை வடக்குப் பார்த்தது. ஐப்பசியில் காற்று திரும்பினால் அந்தப் பக்கம் ஊசியாய்க் குத்தும் என்று, மலைமேல் எல்லா வீட்டையும் போலவே, ஜன்னல் இடுக்குகளில் உள்பக்கமாக மைதாப் பசை தடவித் துணிப்பட்டை ஒட்டியிருந்தார்கள். சேனாதிபதி அந்தப் பட்டையை நகத்தால் மேலிருந்து கீழ்வரை தடவிக்கொண்டே போனார். எங்கும் விட்டிருக்கவில்லை. பட்டையிலும் சுவரிலும் ஒரே தூசி. எப்போது ஒட்டியது என்று கேட்டார். ஐப்பசி அடைமழைக்கு முன்னால் என்று சுவாமிநாதனின் மனைவி சண்முகசுந்தரி சொன்னாள்.

பெட்டி உடைபடவில்லை. சாவி சண்முகசுந்தரியின் இடுப்புக் கொத்தில் தொங்கியது. சேனாதிபதி பெட்டிக்குள் தலையை விட்டு மூலைகளைத் துழாவினார். கையில் ஒரு காம்பு வந்தது. காய்ந்து வளைந்த பேரிக்காய்க் காம்பு. அதை வேட்டி மடிப்பில் போட்டுக்கொண்டார்.

இந்தப் பெட்டியைத் திறந்து பார்த்தது யார் யார் என்று கேட்டார். பங்களாவை வாங்கின அன்று தான் பார்த்ததாகவும், அதற்குப் பிறகு ஞானவேல் வந்த அன்று வரை யாரும் தொடவில்லை என்றும் சுவாமிநாதன் அடித்துச் சொன்னார். மனைவி கல்யாணமாகி வந்து மூன்று வருஷம்தான் ஆகிறது, அவளுக்கு அதில் என்ன இருந்தது என்றே தெரியாது என்றார்.

ஞானவேலுக்கு வேறு கவலை. "இந்த ஈரத்துல எத்தனையோ வருசம் கெடந்திருக்கு. கெடச்சாலும் பூசணம் புடிச்சுப் போயிருக்குமோ என்னமோ."

"பூசணமெல்லாம் இல்லீங்க, மொடமொடன்னு நல்லாத்தான் இருந்துச்சு" என்றாள் சண்முகசுந்தரி. சொன்னதும் காப்பி கொண்டுவருகிறேன் என்று உள்ளே போய்விட்டாள். சுவாமிநாதன் அதைக் கவனிக்கவில்லை. அவர் இருளன் நன்றி கெட்டவன் என்பதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

ஞானவேல் பையிலிருந்து ஒரு படத்தை எடுத்துக் காட்டினார். கார்ஸ்வெல் லண்டனில் இருந்தபோது தன் கையால் எழுதிய ஓர் ஆட்டத்தின் போட்டோப் பிரதி. இங்கே கிடைத்தால் இப்படித்தான் இருக்கும், ஒவ்வொரு வரியும் ஒரு நகர்த்தல், இடப்பக்கம் வெள்ளை, வலப்பக்கம் கறுப்பு என்று விளக்கினார்.

நாச்சிமுத்து எட்டிப் பார்த்தான். இங்கிலீஷ் எழுத்தும் எண்ணும் இரண்டு வரிசையாக இறங்கின. பஸ் டைம்டேபிள் மாதிரி.

அவன் முன்னால் போய் ஜீப்பைக் கிளப்பி வைத்தான்.

*

ஜீப்பில் ஏறியதும் சொன்னான். சேனாதிபதி ஒன்றும் கேட்காமல், "வண்டிய எடு. வெரசாப் போ" என்றார். வீட்டில் குப்பி ஜன்னல் திட்டில் வைத்தபடியே இருந்தது. அவர் அடைப்பை உருவி, வெந்நீர் ஆவியில் காட்டி மெதுவாகப் பிரித்தார். ஓரத்தில் தேன் ஊறியிருந்தாலும் எழுத்து இருந்தது. அடியில் சாய்த்து எழுதிய கையெழுத்தும், கொடைக்கானல் என்ற ஊர்ப்பெயரும் இருந்தன.

நாச்சிமுத்து சிரித்தேவிட்டான். "ஆட்டம் கெடச்சிருச்சுங்க ஏட்டய்யா!"

"மெழுகு எங்கலே?"

"அடுப்புல போட்டேன்."

"பூ?"

"அதுவும் அதோடதான் ஒட்டியிருந்துச்சு."

சேனாதிபதி தாளைத் திட்டில் வைத்துவிட்டு, ஒரு சுள்ளியால் அடுப்புச் சாம்பலைக் கிளறிப் பார்த்தார். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று நாச்சிமுத்துவுக்கு இருந்தது.

பொழுது சாய்வதற்குள் பெத்தம்மாளின் குடிசைக்கு ஏறினார்கள். சேனாதிபதி காகிதத்தைக் காட்டி, இது எங்கே கிடைத்தது என்றார். அவள் யோசிக்கக்கூட இல்லை. பேரிக்காய் இறக்கும்போது பங்களாவில் கிடைத்தது என்றாள். ஒவ்வொரு வருஷமும் புரட்டாசியில் காயைப் பறித்து, அடிபடாமல் இருக்க ஒவ்வொன்றையும் காகிதத்தில் சுற்றிக் கூடையில் அடுக்கி, லாரியில் கீழே அனுப்புவார்கள். இந்த வருஷம் நியூஸ்பேப்பர் கட்டு ஓட்டு ஒழுக்கில் ஊறிப் போய்விட்டது. லாரி வந்து நின்றது. சின்ன எஜமானி அம்மா உள்ளே போய் மடி மடியாகக் காகிதம் கொண்டுவந்து கொடுத்தார். பெண்கள் எல்லோரும் உட்கார்ந்து சுற்றினார்கள். மிச்சம் கிழிந்து கிடந்ததில் மூன்று தாளைப் பெத்தம்மாள் தேன்குப்பி அடைக்க எடுத்து வந்தாள். முதலாளி அன்றைக்கு மதுரையில் இருந்தார்.

"இத ஏன்மா ஸ்டேஷன்ல சொல்லல?"

"அவுக துரை பொஸ்தகம் எங்க, சதுரங்கக் கணக்கு எங்கன்னு கேட்டாக. காய் சுத்துன காகிதத்தக் கேக்கலியே, சாமி."

தேன் எப்போது எடுத்தது என்று கேட்டார். அதற்கும் அவளிடம் பதில் இருந்தது. குறிஞ்சி பூத்த தேன். இந்த வருஷம் மலை முழுக்க ஊதாவாகக் கிடந்ததே, அப்போது எடுத்தது. அவர்கள் குடியில் எந்தப் பூவின் தேனோ அந்தப் பூவையே, பறித்த ஈரம் காய்வதற்குள், மெழுகில் பதித்துத்தான் குப்பியை மூடுவார்கள். ஐந்தாறு வகைத் தேன் கலந்து கிடக்கும் குடிசையில் அவர்களுக்கு அதுதான் அடையாளம்.

கீழே இறங்கும் வழியில் சேனாதிபதி நாச்சிமுத்துவுக்கு எடுத்துச் சொன்னார்.

"கார்த்திகைத் தீபத்தன்னிக்குத் திருடுனதா கேசு. அன்னிக்கு இந்த மலையில எங்கயாவது குறிஞ்சிப் பூ இருந்துச்சா? ஐப்பசி மழையிலேயே எல்லாம் கருகி வெதையாயிருச்சு. காஞ்ச பூவ மெழுகுல விரிச்சு அழுத்த முடியாது, பொடியாயிரும். அப்ப அந்தக் குப்பிய மூடுனது புரட்டாசி. மூடுன மெழுகுக்கு அடியில துரை எழுதுன தாளு. புரட்டாசியிலேயே தாளு பெட்டிய விட்டு வெளிய வந்திருச்சுன்னா, கார்த்திகையில திருட என்ன இருந்துச்சு? உடையாத மெழுகோட அந்தக் குப்பிய மாஜிஸ்ட்ரேட் மேசையில வச்சிருந்தா, நான் ஒரு வார்த்த பேச வேண்டியதில்ல."

"இப்ப?"

"இப்ப அந்தத் தாளு, திருட்டுக் கொடுத்தவன் தேடுற பொருளு. இருளன் பொண்டாட்டி கையில இருந்து வந்திருக்கு. அவ்வளவுதான்."

மூன்று தாளில் மற்ற இரண்டு எங்கே என்று நாச்சிமுத்து கேட்டான். அதை அவர் முன்பே கேட்டுவிட்டிருந்தார். புருஷனைப் பார்க்க விடுவதற்காக இரண்டு குப்பியை ஸ்டேஷனில் கொடுத்திருந்தாள் பெத்தம்மாள். அங்கே அன்றைக்கே உடைத்துத் தின்றுவிட்டார்கள்.

மறுநாள் வத்தலக்குண்டுக்குப் போனார்கள். பழக்கமிஷன் கடைக்காரர் பொன்னுச்சாமிக்கு, இந்த வருஷம் காய் நல்ல கெட்டிக் காகிதத்தில் வந்தது ஞாபகம் இருந்தது. காகிதமெல்லாம் பழனிக்குப் போகிற பக்தர்களோடு போயிற்று; வழியிலேயே உரித்து எறிந்திருப்பார்கள். இதை ஸ்டேஷனில் வந்து சொல்வீர்களா என்றதும் அவருக்கு ஞாபகம் தப்பிவிட்டது. சுவாமிநாதன் தோட்டத்துக் காய் இல்லாமல் அவர் கடை இல்லை. காய் சுற்றிய மற்ற பெண்கள் எல்லோரும் சுவாமிநாதன் கட்டிக்கொடுத்த லயத்து வரிசை வீடுகளில் குடியிருப்பவர்கள். அவர்கள் கதவையே திறக்கவில்லை.

*

ஞாயிற்றுக்கிழமை பங்களாக் கூடத்தில் எல்லோரையும் கூட்டச் சொன்னார் சேனாதிபதி. காகிதம் எங்கே போயிற்று என்று சொல்கிறேன் என்றதால் சப்-இன்ஸ்பெக்டரும் வந்திருந்தார். இளவயதுக்காரர், ஏட்டை விட மேலே இருப்பதை மறக்காதவர். சுவாமிநாதனும் ஞானவேலும் நாற்காலியில். சண்முகசுந்தரி அடுப்படி நிலையில் சாய்ந்து நின்றாள். பெத்தம்மாள் வாசல்படிக்கு வெளியே.

"நீ வாயத் தெறக்கக் கூடாது" என்று நாச்சிமுத்துவிடம் முன்பே சொல்லியிருந்தார். "தாளு உன் சட்டைப் பையிலேயே இருக்கட்டும். சண்முகசுந்தரி அம்மா வாயால வந்தாத்தான் உண்டு. அவுக ஒரு வார்த்த சொன்னா, அதுக்கு அப்புறம் தாளக் காட்டலாம். அதுக்கு முன்னால காட்டுனா எல்லாம் போச்சு."

அவர் நின்றுகொண்டே பேசினார். ஜன்னலிலிருந்து ஆரம்பித்தார்.

"இருளன் ஜன்னல் வழியா எறங்குனதா வாக்குமூலம். அந்த ஜன்னல் இடுக்குல ஐப்பசியில ஒட்டுன துணிப்பட்டை இன்னும் ஒரு இடத்துலகூட விடல. தொறக்காத ஜன்னல்ல ஆள் எறங்க முடியாதுங்க. அதனால அந்த வாக்குமூலம் அடிக்குப் பயந்து சொன்னது. பெட்டிப் பூட்டு ஒடையல. சாவி வீட்டுக்குள்ளதான் இருக்கு. பெட்டிக்குள்ள இது கெடந்துச்சு." காம்பை மேசையில் வைத்தார். "பேரிக்காய்க் காம்பு. காய் இறக்குற நாள்ல, மடியில காயோட ஒருத்தர் அந்தப் பெட்டியத் தெறந்து குனிஞ்சிருக்காக. திருட இல்ல. அவசரத்துக்குக் காகிதம் எடுக்க. அவுக மேல தப்பே கெடையாது. பழைய தாளுன்னு நெனச்சாக. மொடமொடன்னு நல்லா இருந்துச்சு, எடுத்தாக."

கடைசி வார்த்தையை அவர் யாரையும் பார்க்காமல்தான் சொன்னார். சண்முகசுந்தரியின் கை நிலைப்படியைப் பிடித்தது.

சுவாமிநாதன் மெதுவாகத் திரும்பி மனைவியைப் பார்த்தார். அவர் கோபப்படவில்லை. பார்த்தார், அவ்வளவுதான். அந்தப் பார்வை எங்கே போய் முடியும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அவள் உதடு பிரிந்தது. சேனாதிபதி காத்திருந்தார். வெளியே பெத்தம்மாளும், ஒன்றும் புரியாமல், எல்லோரும் யாருக்காகக் காத்திருக்கிறார்களோ அவளையே பார்த்தாள்.

இன்னும் ஒரு நொடி பொறுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நாச்சிமுத்து பிற்பாடு பல தடவை நினைத்துப் பார்த்தான். அப்போது அவனால் பொறுக்க முடியவில்லை. ஒரு சின்ன உந்தல் போதும், அந்தம்மா சொல்லிவிடுவாள் என்று தோன்றியது. பையில் கை போனது.

"சொல்லுங்கம்மா. இந்தத் தாளுதான நீங்க எடுத்துக் குடுத்தது? பாருங்க, இதான?"

ஞானவேல் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். அவருக்கு முன்னால் சப்-இன்ஸ்பெக்டரின் கை தாளைப் பிடித்தது.

"எங்க கெடச்சுது?"

நாச்சிமுத்து வாயைத் திறந்தான். அவன் கண் அவனைக் கேட்காமலேயே வாசல்படிப் பக்கம் போய்விட்டது.

சப்-இன்ஸ்பெக்டருக்கு அது போதும். சேனாதிபதி அவசரப்படாமல், குப்பியைப் பற்றியும் மெழுகைப் பற்றியும் குறிஞ்சிப் பூவைப் பற்றியும் முழுதாகச் சொன்னார். ஒரு வார்த்தை குறையாமல் சொன்னார். சப்-இன்ஸ்பெக்டரும் கடைசி வரை கேட்டார்.

"சரி ஏட்டய்யா. அந்த மெழுகக் காட்டுங்க."

நாச்சிமுத்து முன்னால் வந்தான். "நாந்தாங்க ஒடச்சேன். பூ இருந்துச்சுங்க, ஊதாப்பூ, என் கண்ணால பாத்தேன். பசி. களிக்குத் தொட்டுக்க ஒண்ணும் இல்ல. அடுப்புல போட்டுட்டேன்."

சப்-இன்ஸ்பெக்டர் சிரித்தார். "சாட்சிய நீங்களே தின்னுட்டு வந்து நிக்கிறீகளே" என்றார். சுவாமிநாதனும் சிரித்தார். சிரித்துவிட்டு, பேரிக்காய் சுற்ற நீ இந்தக் காகிதத்தைக் கொடுத்தாயா என்று மனைவியிடம் எல்லோர் முன்னாலும் கேட்டார்.

"நான் அந்தப் பெட்டியத் தொட்டதே இல்ல" என்றாள் சண்முகசுந்தரி. குரல் தெளிவாக இருந்தது. முந்தானையால் கையைத் துடைத்தாள். அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லி உள்ளே போனாள்.

தாளை வழக்குச் சொத்தாகக் குறித்து எடுத்துப்போவதற்கு முன், ஞானவேல் கெஞ்சிக் கூத்தாடி அதைப் பார்த்து எழுதிக்கொண்டார். தேன் ஊறிய இடத்தில் நாலைந்து வரி தெரியவில்லை. எழுதும்போது அவர் கண் கலங்கியது. ராணியைக் கொடுத்து ஜெயித்திருக்கிறார், பின்னால் வரப்போவதை எத்தனை தூரம் முன்னால் பார்த்திருக்கிறார் பாருங்கள் என்று சேனாதிபதியிடம் சொன்னார். சேனாதிபதி பார்த்துக்கொண்டிருந்தது வாசல்படியை. அங்கே பெத்தம்மாளை ஒரு போலீஸ்காரர் எழுந்திருக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

*

பெத்தம்மாளை இரண்டு நாள் வைத்திருந்துவிட்டு அனுப்பிவிட்டார்கள். இருளனுக்கு ஒரு வருஷம் போட்டார்கள். சேனாதிபதி கோர்ட்டில் சாட்சிக் கூண்டு ஏறி, ஜன்னல் பட்டையையும் காம்பையும் பூவையும் பற்றிச் சொன்னார். மாஜிஸ்ட்ரேட் மரியாதையாகவே கேட்டார். வாக்குமூலம் இருந்தது, பொருள் கிடைத்திருந்தது, மெழுகு இல்லை. ஜெயிலில் இருளனின் கால் சரியாக ஆறவில்லை என்று சேதி வந்தது. தாளைக் கோர்ட்டுச் சாமான் அறையில் வைத்திருந்தார்கள். இனிப்பு ஊறிய தாள். அதை எறும்பு தின்றுவிட்டது. ஞானவேல் எழுதிக்கொண்ட பிரதி சீமையில் அச்சாயிற்று. தென்னிந்திய மலை ஒன்றில் கிடைத்தது என்று கீழே ஒரு வரி போட்டிருந்தார்களாம். சந்தோஷமாகக் கடிதம் எழுதியிருந்தார். சேனாதிபதி படித்துவிட்டு மடித்து வைத்தார், பதில் போடவில்லை.

சேனாதிபதி அதற்குப் பிறகும் நாச்சிமுத்துவைக் கடிந்துகொள்ளவில்லை. ஒரே ஒரு தடவை, ஜீப் மேடேறும்போது, "நானும் அவ கைத்தேன வாங்கி வச்சேனே தவிர, என்ன வாங்கினேன்னு பாக்கலலே" என்றார். அவ்வளவுதான்.

தை பிறந்து ஒரு நாள், நாச்சிமுத்து அரிசியும் கருவாடும் வாங்கிக்கொண்டு வெள்ளனே கிளம்பிப் பெத்தம்மாளின் குடிசைக்கு ஏறினான். அவள் காட்டுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தாள். வாங்கி உள்ளே வைத்தாள். அவன் போகாமல் நிற்பதைப் பார்த்து, என்ன என்பது போலப் பார்த்தாள். அவன் மன்னிப்புக் கேட்பதற்குத்தான் வந்திருந்தான்.

"தேனு நல்லா இருந்துச்சா?" என்றாள்.

அவள் குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே கேட்டாள். அவன் தலையை ஆட்டினான்.

"ஒரு குப்பி வாங்கியாந்து குடுத்துர்றேன்க்கா" என்றான்.

"கடையில விக்கிறது வேற தேனு. அது குறிஞ்சித் தேனு. இனி பன்னெண்டு வருசம் கழிச்சுப் பூத்தாத்தான்" என்று சொல்லி, கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு அவள் நடந்தாள்.

நாச்சிமுத்து ஜீப்புக்கு இறங்கி வந்தான். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு கணக்குப் போட்டான். இப்போது பூத்தது ஐம்பத்தெட்டில்; இனி எழுபதாம் வருஷம், புரட்டாசி. பெத்தம்மாளுக்கு அவன் கொடுக்க வேண்டியது ஒரு குப்பிக் குறிஞ்சித் தேன், மெழுகு உடையாமல்.